சுப்பையா சாப்பிட்டாச்சா?

என் அக்கா வீட்டில் ஒருத்தன் 42 நாள் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. கோரிக்கை எதுவும் கிடையாது. பந்தல் போடவில்லை. பழரசம் கொடுத்து முடித்து வைக்கப் பெரிய மனிதர் யாரும் வரவில்லை. பாட்டுக்கு மூலையில் சுருண்டு படுத்துக் கொண்டு எங்கள் குடும்பம் மொத்தத்தையும் ஆட்டி வைத்தான்.

பாம்பு ஸார். நிஜப் பாம்பு.

நடந்தது 2024 நவம்பரில். அக்கா டெக்ஸாஸில், டாலஸுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இருக்கிறாள். அம்மாவைத் தனியாக விமானம் ஏற்றி அனுப்ப யாருக்கும் தைரியமில்லை. கூடப் போக ஆள் தேடியபோது, ஆபீஸ், லீவு, மேனேஜர் என்ற எந்தத் தொல்லையும் இல்லாமல் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற ஒரே ஜென்மம் நான்தான் என்று கண்டுபிடித்தார்கள். "உனக்கென்னல, எங்க இருந்தாலும் எழுதலாம்லா?" என்றாள் அம்மா. திருநெல்வேலிச் சைவக் குடும்பம். பெட்டியில் பாதி புளிமிளகாய், மீதி அல்வா. 16-ம் தேதி போய் இறங்கினோம்.

அக்கா பையனுக்கு வயது 14. வந்தவர்களுக்குத் தன் ரூமைக் கொடுத்துவிட்டு ஹாலில் சோபாவுக்குக் குடிபெயர்ந்தான். நல்ல பிள்ளை. என் பெட்டியைத் தூக்கிக் கொண்டு வந்து வைத்துவிட்டு, "மாமா, ரூம்ல இன்னொருத்தனும் இருக்கான். தொந்தரவு பண்ண மாட்டான்" என்றான்.

நாலடி நீளக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே காபிக் கலரில் திட்டுத் திட்டாய்ச் சித்திரம் போட்ட ஒரு கயிறு. கயிறு நாக்கை நீட்டியது. நான் மூன்றடி பின்னால் வந்து அம்மாவின் கால் மேல் நின்றேன்.

பெயர் நூடுல்ஸ். ஜாதி பால் பைத்தான். ஆப்பிரிக்க மலைப்பாம்புகளில் கடைக்குட்டி; மூணடி, நாலடி, மிஞ்சிப் போனால் அஞ்சடி. விஷம் கிடையாது. பூர்வீகம் கானா, டோகோ, பெனின் என்று மேற்கு ஆப்பிரிக்கப் பக்கம். அங்கே எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் குடித்தனம். பயந்து போனால் கடிக்க வராது. தலையை நடுவில் ஒளித்து வைத்துக் கொண்டு பந்து மாதிரி சுருண்டுவிடும். அந்தப் பந்துக்குத்தான் இங்கிலீஷில் 'பால்'.

அம்மாவின் காதில் விழுந்தது பால் மட்டும்.

"பால் பாம்பாய்யா? புத்துலயா இருக்கும்? அப்படின்னா சுப்பிரமணிய சாமில்லா!" என்று கன்னத்தில் போட்டுக் கொண்டாள். அந்த நிமிஷம் முதல் அவளுக்கு அவன் சுப்பையா.

(இதைப் படித்துவிட்டு நாமும் ஒன்று வாங்கலாமே என்று பிரம்மச்சாரி நண்பர்கள் யாராவது கிளம்ப வேண்டாம். நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போவீர்கள். இந்த மாதிரி வெளிநாட்டு ஜாதிகளையும் பதிவு செய்தாக வேண்டும் என்று 2022-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டு வந்து சென்னை ஏர்போர்ட்டில் மாட்டிக் கொண்டவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். கிண்டி பாம்புப் பண்ணையில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதோடு நிறுத்திக் கொள்வது உத்தமம்.)

பையன் புல் வெட்டிச் சம்பாதித்த காசில் வாங்கினதாம். அத்தானுக்கு இதில் அரை மனசு. காரணம் பயமில்லை, கணக்கு. இந்த ஜாதி 30 வருஷம் சர்வ சாதாரணமாக உயிரோடு இருக்கும். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் 1961-ல் யாரோ கொடுத்த ஒரு பெண் பாம்பு 2020-ல் ஏழு முட்டை போட்டதாம். அப்போது அதற்கு 62 வயதாவது இருக்கும் என்றார்கள். அதிலும் பல வருஷமாக ஆண் வாடையே இல்லாமல்! "வீட்டு லோனே அதுக்கு முன்னால முடிஞ்சுரும் மாப்ளே" என்று அத்தான் என்னிடம் புலம்பினார்.

எனக்கு அவனிடம் பிடித்தது பாம்பு இல்லை, நோட்டு. பையன் ஒரு நோட்டுப் போட்டிருந்தான். தேதி, எடை, வெயில் பக்கத்துச் சூடு, என்ன கொடுத்தோம், சாப்பிட்டதா, குறிப்பு என்று ஆறு காலம். சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, அதில் பாம்பை விட்டு நிறுத்து, கிராம் கணக்காக எழுதியிருந்தான். (அந்தத் தராசில் அக்கா அதற்கப்புறம் மாவு நிறுப்பதில்லை.) பி.காம். படித்து மூணு வருஷம் ஒரு ஆடிட்டரிடம் லெட்ஜர் கூட்டினவன் நான். கண்ணில் ஒற்றிக் கொண்டேன். "பிரமாதம்டா மருமகனே! ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. கணக்குப் புஸ்தகத்துல அடித்தல் திருத்தல் கூடாது. தப்பா எழுதினாலும் அப்படியே இருக்கணும்" என்று இலவச உபதேசம் வேறு.

அக்டோபர் 13 - சாப்பிட்டான். 27 - சாப்பிட்டான். நவம்பர் 10 - சாப்பிட்டான், எடை 1,142 கிராம். அடுத்தது நவம்பர் 24.

அன்றைக்குத்தான் சாப்பாடு என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரிய வந்தது. தெரிய வைத்தவள் அம்மா. சொதி வைக்கத் தேங்காய்த் துருவல் எடுக்கப் போனவள், கராஜில் இருந்த ஃப்ரீஸரைத் திறந்து, 'பயாலஜி' என்று எழுதியிருந்த டப்பாவைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று வரிசையாக, வாலைச் சுருட்டிக் கொண்டு, ஐஸ் பிடித்த எலிகள். அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

அங்கே கடையில் இப்படித்தான் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். முதல் நாள் ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து ஐஸ் விட வேண்டும். அப்புறம் பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் மிதக்க விட வேண்டும். மைக்ரோவேவ் கூடவே கூடாது. உள்ளே வெந்து வெடித்துவிடும். உயிருள்ள எலியின் உடம்புச் சூடு, அதாவது 38 டிகிரி வாக்கில் வர வேண்டும். ஏனென்றால் இந்தப் பாம்புக்கு உதட்டோரம் வரிசையாகக் குழிகள். அவை சூட்டைப் பார்க்கிற கண்கள். ஆறின எலி அதற்கு எலியே இல்லை. நமக்கு ஆறின தோசை மாதிரி.

பையன் நீள இடுக்கியில் எலியைப் பிடித்து, பாம்பின் முன்னால் லேசாக ஆட்டினான். பாம்பு பார்த்தது. நாக்கை நீட்டியது. பிறகு, கல்யாண வீட்டில் மூன்றாவது தடவை பாயசம் கொண்டு வந்தவரைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக் கொண்டது.

டிசம்பர் 1. வேண்டாம். 8. வேண்டாம்.

ஒரு வீட்டில் ஒரு ஜீவன் சாப்பிடவில்லை என்றால் நம்மவர்களுக்குத் தாங்குமா? ஆளாளுக்கு வைத்தியம்.

அம்மா முதல் வேலையாகக் கிண்ணத்தில் பால் வைத்தாள். பையன் பதறிப் போய் எடுத்துவிட்டான். பாம்புக்குப் பால் ஜீரணமாகாது ஆச்சி, நாகபஞ்சமிக்குக் குடிக்கிற மாதிரி காட்டுவதெல்லாம் பல நாள் தண்ணீர் கொடுக்காமல் தவிக்க விட்டுத்தான் என்று எடுத்துச் சொன்னான். "அப்ப முட்டை?" என்றாள். ஆப்பிரிக்காவில் முட்டையை மட்டுமே தின்கிற பாம்பு தனியாக ஒன்று உண்டாம், இது அதில்லையாம். "பாவம்லா பிள்ளை!" என்று பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒரு வாய் வாங்கிக்கோ ராசா" என்று கொஞ்ச ஆரம்பித்தாள். என்னைக் காட்டி, "இவனும் இப்படித்தான். அஞ்சு வயசு வரைக்கும் கதவிடுக்குல நின்னுக்கிட்டுத்தான் சாப்பிடுவான்" என்று பாம்புக்கு ஆறுதல் சொன்னாள். முட்டை, எலி என்ற வார்த்தைகளையெல்லாம் அவள் வாயிலிருந்து அந்த வீட்டில்தான் முதன் முதலாகக் கேட்டேன்.

அத்தானுடைய ஆபீஸில் யாரோ உயிருள்ள எலியை விடச் சொன்னார்களாம். பையன் ஒப்பவில்லை. பசியில்லாத பாம்போடு உயிருள்ள எலியை விட்டால், எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். கதையில்தான் பாம்பு எப்போதும் ஜெயிக்கும் போலிருக்கிறது. எலிக்குப் பதில் சுண்டெலி கொடுத்துப் பார்த்தான். ஊஹூம். ராத்திரி முழுக்க உள்ளேயே வைத்துப் பார்ப்போம் என்றான். அன்றைக்கு ஒரு செத்த எலியும், ஒரு பட்டினிப் பாம்பும், விபூதி பூசிய என் தாயாரும், நானும் ஒரே அறையில் தூங்கினோம். அம்மா கந்த சஷ்டி கவசத்தை இரண்டு தடவை சொன்னாள். காலையில் எலி வைத்த இடத்திலேயே இருந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? தூக்கம் வராமல் ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடித்து, 'ஒருவேளை இப்ப சாப்பிடுதோ?' என்று எட்டிப் பார்த்தேன். தினமும்.

டிசம்பர் 15. வேண்டாம். அத்தான் கெடு வைத்தார். "ஜனவரி ஒண்ணாந்தேதிக்குள்ள சாப்பிடலைன்னா, வளர்க்கத் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கொடுத்துரலாம். கண்ணு முன்னால ஒரு உயிர் பட்டினியா கெடந்து சாகறதை என்னால பார்க்க முடியாது." அவர் கெட்டவரில்லை. அவரும் ராத்திரி ஒரு வாய் குறைத்துத்தான் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். பையன் ஒன்றும் பேசவில்லை. தட்டில் சாதம் அப்படியே இருந்தது. இப்போது அம்மாவுக்கு ஊட்டிவிட வேண்டியவர்கள் ரெண்டு பேர்.

டிசம்பர் 22. வேண்டாம். எடை 1,096 கிராம்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். பாம்பு, ஆமை, ஓணான் மட்டும் பார்க்கிற டாக்டர். ஃபீஸ் 95 டாலர். அன்றைய ரேட்டில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். எனக்கு ஜுரம் வந்தால் நான் செலவழிப்பது ஐந்நூறு. தலையணை உறைக்குள் போட்டுக் கட்டிக் கொண்டு போன சுப்பையாவை அந்த அம்மாள் கையில் எடுத்து, வாயைத் திறந்து பார்த்தார். எச்சில் நுரை இல்லை, மூச்சில் சத்தம் இல்லை, செதில் இடுக்கில் உண்ணி இல்லை. கண் பால் பூத்த மாதிரி இருக்கிறதா என்று பார்த்தார். தோல் உரிக்கப் போகிற சமயத்தில் அப்படி ஆகுமாம், அப்போதும் சாப்பிடாதாம். அதுவும் இல்லை. பையனின் நோட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "46 கிராம்தான் குறைஞ்சிருக்கு. நூற்றுக்கு நாலு. பத்துக்கு மேல போனால்தான் நான் கவலைப்படுவேன். வளர்ந்த பாம்பு மாசக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், அதிலும் குளிர்காலத்தில். வாயைப் பிளந்து திணிக்கிற வேலை மட்டும் வேண்டாம்."

பையனுக்கு உயிர் வந்தது. எனக்கும்.

பிறகு அவர் விளக்கினது எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் வயிறு இருபத்து நாலு மணி நேரமும் ஷட்டர் திறந்த கடை. மலைப்பாம்பின் வயிறு அப்படியில்லை. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஃபாக்டரியையே மூடிவிடும், குடல் சுருங்கிவிடும். இரை உள்ளே வந்த பிறகுதான் மெஷின் ஓட ஆரம்பிக்கும். இதன் ஒன்று விட்ட அண்ணனான பர்மா மலைப்பாம்பு சாப்பிட்டால், ரெண்டே நாளில் இதயம் 40 சதவீதம் பெரிதாகிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு முதலீடு! அதற்கெல்லாம் வேண்டிய சூடு பாம்பின் உடம்பில் கிடையாது. வெளியிலிருந்து வர வேண்டும். சூடு போதாத இடத்தில் இரையை விழுங்கினால் வயிற்றிலேயே அழுகி வெளியே வந்துவிடும். அதனால், சூடு கேரண்டி இல்லை என்று தோன்றினால் பாம்பு சாப்பிடாது. பிடிவாதம் இல்லை, புத்திசாலித்தனம்.

"சூடு எவ்வளவு வச்சிருக்கே?"

"ஒரு பக்கம் 90, இன்னொரு பக்கம் 78" என்றான். ஃபாரன்ஹீட் ஸார், பதறாதீர்கள். நம் கணக்கில் 32, 26 டிகிரி.

"எப்ப பார்த்து எழுதறே?"

"சாயந்திரம், ஸ்கூல் விட்டு வந்து."

"ராத்திரி எவ்வளவு இருக்கு?"

பையன் முழித்தான். "ராத்திரியும் அதேதான். ஹீட்டர் எப்பவும் ஆன்லதான் இருக்கும்."

ஏ.ஸி. அறையில் எனக்கு வேர்த்தது.

விஷயம் என்னவென்றால்... எங்கள் ரூமில் படுக்கைப் பக்கம் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். அதில் ரெண்டு ஓட்டை. ஒன்றில் அம்மாவின் வெந்நீர்க் கெட்டில். இன்னொன்றில் பாம்புப் பெட்டிக்குப் பின்னாலிருந்து வருகிற ஏதோ ஒரு ஒயர். எனக்கோ ராத்திரி ஃபோனை சார்ஜ் போட்டாக வேண்டும்; நமக்கு ராத்திரி என்றால் ஊரில் பகல், வீட்டுக்காரி ஃபோன் செய்கிற நேரம். அந்த ஒயரை உருவிப் பார்த்தேன். எந்த விளக்கும் அணையவில்லை. எதுவும் நிற்கவில்லை. 'சும்மா கிடக்கிற ஒயர்' என்று முடிவு கட்டினேன். தினம் பத்தரை மணிக்கு உருவினேன். காலை ஏழு மணிக்கு, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற நல்ல வளர்ப்பினால், திரும்பச் சொருகினேன். பெட்டிக்கு அடியில் இருந்தது வெளிச்சம் தராத ஹீட்டர் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நோட்டின் பக்கம் கண் முன்னால் வந்தது. நவம்பர் 10 சாப்பிட்டான். 16 நாங்கள் வந்தோம். 24 வேண்டாம். இத்தனை நாள் அந்தக் கணக்கைப் பார்த்துப் பார்த்து மெச்சின ஆடிட்டருக்கு இது தோன்றவில்லை. மூணு வருஷம் லெட்ஜர் கூட்டின லட்சணம்.

வரும் வழியில் டாக்டர் சொன்னபடி ஒரு தெர்மாமீட்டர் வாங்கினான். ராத்திரியில் எவ்வளவு இறங்கியது, பகலில் எவ்வளவு ஏறியது என்று ஞாபகம் வைத்துக் கொள்கிற ரகம். அதாவது ஆடிட் வருகிறது. காரில் பின் சீட்டில் உட்கார்ந்து கொண்டு நான் யோசித்ததை வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரி முதல் ஒயரை உருவாமல் இருந்தால் போதும். தெர்மாமீட்டர் 90 காட்டும். பாம்பு தானாகச் சாப்பிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆடிட்டுக்கு முதல் நாள் கல்லாவில் காசைத் திருப்பி வைக்கிற கேஷியர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்து கொண்டேன். தூங்குவதில்லை.

ராத்திரி ஒரு மணி இருக்கும். கதவு மெள்ளத் திறந்தது. பையன் இருட்டில் வந்து பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். நான் தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டான். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஸாரி நூடுல்ஸ். அன்னிக்கு சாப்ட மறுநாளே உன்னைத் தூக்கிட்டேன்ல, அதான் கோவமா?" என்றான்.

சாப்பிட்டு ரெண்டு நாளைக்குப் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது. எப்போதோ ஒரு நாள் எடுத்துவிட்டானாம். அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று ஒரு மாசமாக மனசுக்குள் வைத்துக் கொண்டிருக்கிறான். நாளைக்கு தெர்மாமீட்டரும் சரியாகக் காட்டினால் சந்தேகமே இல்லை, குற்றவாளி இவன்தான். ஒண்ணாந்தேதி பாம்பைத் தூக்கிக் கொடுத்துவிடுவான்.

எழுந்து லைட்டைப் போட்டேன். ஒயரைக் காட்டினேன். சார்ஜரைக் காட்டினேன். சொன்னேன்.

அவன் ஒயரைப் பார்த்தான். சார்ஜரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"எத்தனை நாளா மாமா?"

"வந்த நாள்லேர்ந்து."

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம். நோட்டை எடுத்தான், எதையோ எழுதினான், கீழே போய்விட்டான். திறந்து பார்த்தேன். டிசம்பர் 22-க்கு நேரே, குறிப்பு என்ற காலத்தில் ஒரே வார்த்தை. 'மாமா.'

ரெண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. "ஆச்சி, டிஃபன் ரெடின்னு மாமாகிட்ட சொல்லுங்க" என்று நான் பக்கத்தில் இருக்கும்போதே தூது. அக்கா என் தலையில் குட்டினாள். கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெற்றவனை! அத்தான் மட்டும் சிரித்துவிட்டு, கெடுவைத் தை பிறக்கும் வரை நீட்டித்தார்.

அறை காலி செய்யப்பட்டது. அம்மா அக்கா ரூமுக்கு, நான் சோபாவுக்கு. பெட்டியின் மூணு பக்கமும் பையன் பழுப்புக் காகிதம் ஒட்டினான். உடம்பு இடிக்கிற மாதிரி குறுகலான ரெண்டு பொந்து, சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. சுற்றிலும் உடம்பில் உரசினால்தான் அதற்கு நிம்மதி. விசாலமான பங்களாவெல்லாம் பிடிக்காது. காற்றில் ஈரம் 60 சதவீதம். தெர்மாமீட்டரில் முதல் நாள் காலை மினிமம் 88. நான் உருவின நாட்களில் அது எவ்வளவு இருந்திருக்கும் என்று ரூம் சூட்டை வைத்துக் கணக்குப் போட்டான். 68. அதாவது 20 டிகிரி. என்னிடம் சொல்லவில்லை. ஆச்சி மூலம் தெரிவிக்கப்பட்டது.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, பத்து நாளைக்கு யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்பதுதான். தொடக் கூடாது, சாப்பாடு காட்டக் கூடாது, டார்ச் அடிக்கக் கூடாது. இதைவிடக் கஷ்டமான மருந்தை எங்கள் குடும்பம் சாப்பிட்டதில்லை. பசித்த பிள்ளையை விட்டுவிட்டு சும்மா இரு என்றால் அம்மா எப்படி இருப்பாள்? மூடின கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கொண்டாள்.

ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி ஒன்பது மணிக்குப் பையன் வெந்நீரில் எலியைப் போட்டான். இந்தத் தடவை வழக்கத்தைவிடச் சின்னதாக ஒன்று. மாடிக்கு ஏறினவன் பாதிப் படியில் நின்றான்.

"மாமா, வர்றீங்களா? சத்தம் போடக் கூடாது. ஃபோனைக் கீழேயே வச்சுட்டு வாங்க."

வைத்துவிட்டுப் போனேன்.

ரூமில் லைட் இல்லை. வராந்தாவிலிருந்து வருகிற வெளிச்சம் மட்டும். இடுக்கியில் எலி. பொந்துக்கு வெளியே தலை மட்டும் தெரிந்தது. ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். பையன் கை நடுங்குவதைப் பார்த்தேன். நாக்கு வந்தது, போனது. திரும்ப வந்தது. இந்தத் தடவை சீக்கிரம் சீக்கிரமாக. கழுத்து 'ட' போட்ட மாதிரி மடங்கியது.

அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. யாராலும் பார்த்திருக்க முடியாது. பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பார்க்கும்போது எலியைச் சுற்றி மூணு சுற்று. செத்து, ஐஸ் பிடித்து, வெந்நீரில் குளித்த எலியை மறுபடி ஒரு தடவை கொன்று கொண்டிருந்தான் சுப்பையா. மூச்சு முட்டித்தான் இரை சாகும் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். அப்படியில்லையாம். இறுக்குகிற இறுக்கில் ரத்த ஓட்டமே நின்று போவதை போவா என்ற வேறு ஜாதிப் பாம்பில் 2015-ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். பையன் என் காதில் கிசுகிசுத்தான். அதாவது, என்னோடு பேசினான்.

பிறகு தலைப்பக்கம் தேடிப் பிடித்து விழுங்க ஆரம்பித்தது. தாடை கழன்று கொள்ளும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், கழல்வதெல்லாம் இல்லை. கீழ்த்தாடை நடுவில் ஒட்டாமல் ரெண்டு துண்டாக, ரப்பர் மாதிரி நாரால் சேர்ந்திருக்கிறது. இடது பக்கம் ஒரு அடி, வலது பக்கம் ஒரு அடி என்று எலியின் மேல் வாய் நடந்து போகிறது. பத்து நிமிஷம். கடைசியில் வால் மட்டும் வெளியே, சேமியாத் துண்டு மாதிரி. அதுவும் போனது. பிறகு ஆனந்தமாக ஒரு கொட்டாவி விட்டது. தாடையைச் சரி செய்து கொள்கிறதாம்.

கதவிடுக்கிலிருந்து குரல் வந்தது. "சாப்பிட்டானாய்யா?"

"சாப்ட்டான் ஆச்சி!"

"தண்ணி வச்சியா?"

பையன் நோட்டை எடுத்து, ஜனவரி 5, 'ஆம்' என்று எழுதினான். கை இன்னும் நடுங்கிக் கொண்டிருந்ததால் எழுத்து கோணல். அவன் சந்தோஷமாக இருக்கிற நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டேன். "டேய், அந்தக் குறிப்புல இருக்கறதை அடிச்சிரலாமே?"

"அடித்தல் திருத்தல் கூடாதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

இருக்கிறது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஊருக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீடியோவில் வருவாள். அம்மா ஃபோனைக் கையில் வாங்கினதும் முதல் கேள்வி, "சுப்பையா சாப்பிட்டானாட்டி?" அதற்குப் பதில் வந்த பிறகுதான், "நீ சாப்பிட்டியா?" அக்காவுக்கு இதில் ஏகப்பட்ட வருத்தம். கடைசியாகப் பேசியபோது எடை 1,310 கிராம்.